பிலோமினா மேடம் அடிக்கச் சொன்ன சொல்

சென்ற ஞாயிறு காலை ரோசிதான் போன் செய்தாள். "அங்கிள், அம்மா செத்துட்டாங்க. வாங்க. வந்து சத்தமா அழக் கூடாது." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். செங்கல்பட்டுத் தபால் நிலையத்தில் பிலோமினா மேடமும் நானும் பன்னிரண்டு வருடம் அடுத்தடுத்த நாற்காலிக்காரர்கள். ரோசி அவருடைய ஒரே மகள், ஆட்டிசம் உள்ளவள். நான் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

மேடம் படாளத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவார். லீவு போட்ட நாட்களில் ரோசியைப் போன்ற பிள்ளைகளுக்கு இடம் கேட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவார். இடமில்லை என்று சொன்ன தலைமை ஆசிரியர்கள் அவரிடம் பட்ட பாடு சொல்லி மாளாது. அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களில் சிலருடைய பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தது அப்படித்தான்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையத் தமிழ்க் கலைக்களஞ்சியம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மேடத்தைப் பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதினேன். "ஆட்டிசத்தால் அவதிப்படும் மகளுக்காகவே வாழும் தியாகத் தாய்" என்று தொடங்கியது. மறுநாளே அதன் தலைமேல் ஓர் அறிவிப்பு: இவர் குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் செய்தித்தாள் ஆதாரம் எதுவும் இல்லை, ஒரு வாரத்தில் நீக்கப்படும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அம்மாவையும் மகளையும் அழைத்துப்போய்த் திரையைக் காட்டினேன்.

ரோசி கடகடவென்று படித்தாள். விரல் ஒரு சொல்லில் நின்றது. "அங்கிள், நான் அவதிப்படலியே. மிக்சி சத்தம்தான் புடிக்காது. சதுரங்கப்பட்டினம் கடல் சத்தம் புடிக்கும்."

"நான் இன்னா கலெக்டரா சார்?" என்றார் மேடம். "தூக்குறவங்க தூக்கட்டும். கீற ஒரு வாரமும் சரியா இருக்கட்டும். அவதிய அடி. தியாகத்தையும் அடி. நான் தியாகின்னா எம் பொண்ணு பாரம்னு ஆவுதில்ல?" பிறகு எங்கள் தொழில் பாஷையில் முடித்தார்: "விலாசத்த தப்பா எழுதினா லெட்டரு வேற வூட்டுக்குப் பூடும் சார்."

அடித்தேன். "ஆட்டிசம் உள்ள மகள்" என்று எழுதினேன். வாரம் முடிந்ததும் கட்டுரையே போய்விட்டது.

இன்னொன்றைச் சொன்னால் என் மானம் போகும், போகட்டும். இந்தப் பிள்ளைகளை விடுதியில் விடுவதே நல்லது என்று ஊர் ஊராகப் பேசிய ஒருவர் இருந்தார். மேடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பேப்பரில் அடிக்கடி பெயர் வந்ததால் அவரைப் பற்றிய கட்டுரை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதில் "விளம்பரப் பிரியர்" என்று செருகிவிட்டு வந்து மேடத்திடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"ஆதாரம் கீதா?"

"நமக்குத் தெரியாதா மேடம்?"

"நமக்கு அந்தாள் மேல கடுப்பு கீது. அது ஆதாரமா? போய் எடுத்துட்டு வா, அப்பால டீ சாப்புடலாம்."

எடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு டீ கிடைத்தது.

அடக்கத்துக்கு மறுநாள் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. அன்று கலைக்களஞ்சியம் கேட்ட ஆதாரம், ஒருவழியாக. பேப்பரை எடுத்துக்கொண்டு ரோசியிடம் ஓடினேன். முதல் வரியை அப்புறம்தான் பார்த்தேன்: "ஆட்டிசத்தால் அவதிப்படும் மகளுக்காகவே வாழ்ந்த தியாகத் தாய் காலமானார்." அந்த நிருபரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் எழுதியதைத்தானே அவரும் எழுதியிருக்கிறார்.

ரோசி படித்தாள். அம்மாவின் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, இரண்டு சொற்களை அடித்து, என்னிடம் நீட்டினாள். "இப்ப இது அம்மா வூட்டுக்குப் போவும்."

அந்தப் பேப்பர் துண்டு என்னிடம் இருக்கிறது.