“உங்க ஸ்ட்ராட்டஜி என்னங்க?” என்று கதவு தட்டிய கதை

“வேணாம்மா, எங்க வீட்ல ஏற்கெனவே வாங்கிட்டோம்” என்று சொல்லிக் கதவு சாத்தப்படுவதற்குள், “நான் எதுவும் விக்க வரலீங்க” என்று சொல்லி முடிக்கத் தெரிந்தவர்தான் எங்கள் தொழிலில் நிலைக்க முடியும்.

தொழிலுக்கு ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர் என்று பெயர். கல்யாணமான புதிதில் என் மாமியார் இதைப் போலீஸ் வேலை என்று நினைத்து, அக்கம்பக்கத்தில் கொஞ்ச நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை அவ்வளவு பெரியதில்லை. தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேள்வி தயாரிக்கத் தெரியும். அதை வெயிலில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க ஆள் வேண்டும். ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் நான் அந்த ஆள்.

நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்றே பேட்டி எடுத்தவர்களே, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி ஏறி “சார் தூங்குறார்” என்ற பதிலோடு இறங்கியவர்களே, இது உங்களுக்காக. நம் வேலையில் துறை மாறும், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு மாறுவார். ஆனால் நான் போன எல்லா இடத்திலும் ஒரு சொல் மட்டும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ராட்டஜி.

அண்ணன் கடை, தம்பி கடை

முதலில் வந்தது மேனேஜ்மென்ட் துறை. மளிகைக் கடைக்காரர்களின் போட்டி ஸ்ட்ராட்டஜி என்ன என்பது ஆராய்ச்சி. இதைத் தமிழில் ‘உத்தி’ என்று போடுவதா ‘வியூகம்’ என்று போடுவதா என்று கைடும் ஆராய்ச்சி செய்த மாணவியும் நிறைய விவாதித்து, கடைசியில் ‘ஸ்ட்ராட்டஜி’ என்றே தமிழ் எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த கடையைவிட நாம் எதில் வித்தியாசம் என்று தெரிந்து நடந்துகொள்வதுதான் அந்தத் துறையில் ஸ்ட்ராட்டஜி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் சொல்ல வேண்டும்.

சேலையூரில் ஒரு தெருவில் எதிரெதிராக இரண்டு மளிகைக் கடைகள். அண்ணன், தம்பி. சொத்து பிரித்தபோது பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. அண்ணன் கடையில் கேள்வியை ஆரம்பித்ததும் அவர் கேட்டார், “எதிர்க்கடையில என்ன சொன்னான்?” இன்னும் போகவில்லை, போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்றேன். “அப்ப அங்க முடிச்சிட்டு வாங்க.” தெருவைத் தாண்டினேன். தம்பியும் அதையே சொன்னார். மறுபடி தாண்டினேன். இப்படி ஆட்டோக்களுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்ததில், அண்ணனுக்குத்தான் முதலில் மனசு இரங்கியது. எல்லாக் கேள்விக்கும் தணிந்த குரலில் பதில் சொன்னார்.

தம்பியோ கேள்விகளைக் காதில்கூட வாங்கவில்லை. “எங்கண்ணன் எவ்ளோ போட்டாரோ, அதுக்கு மேல ஒண்ணு போட்டுக்கங்க” என்றார். அவர் போட்டதைச் சொல்லக் கூடாது, அதுவும் போக ஐந்துக்கு மேல் கிடையாது என்றேன். எடை மெஷின் மேல் இருந்த துவரம் பருப்பைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார்.

“அஞ்சு போட்டுட்டாரா? அப்ப எனக்கு ஆறு போடுங்க. காலேஜ்ல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

உருளைக்கிழங்கு

அடுத்தது விலங்கியல். வண்டலூர் காட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரும் நாட்டுக் குரங்குகள் எப்படி இரை தேடுகின்றன என்று பிரபு என்ற மாணவர் ஆராய்ந்தார். மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவர் கைகாட்டும் குரங்கு என்ன செய்கிறது என்று நேரம் போட்டு எழுதுவது என் வேலை. யாரும் கதவைச் சாத்தாத ஒரே ப்ராஜக்ட்.

முதல் நாளே என்னைத் திருத்தினார். “குரங்கு யோசிச்சுதுன்னு எழுதாதீங்க அக்கா. அதுக்கு நம்மகிட்ட ஆதாரம் இல்ல.” யோசிக்காமல் எப்படி ஸ்ட்ராட்டஜி இருக்கும் என்று கேட்டேன். “இருக்கலாம்க்கா. தலைமுறை தலைமுறையா எப்படி நடந்துக்கிட்டது பிழைச்சுதோ, அதுக்குப் பேர்தான் ஸ்ட்ராட்டஜி. யோசனை கட்டாயமில்ல.” எனக்குத் தெரிந்த பல பேர் அந்த நிமிஷத்தில் விளங்கினார்கள்.

மூன்றாம் வாரம், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுற்றி வந்து என் டிபன் பாக்ஸைத் தூக்கிவிட்டது. நான் எழுந்தேன். “அசையாதீங்க!” என்று பிரபு கையைப் பிடித்து உட்கார வைத்தார். அது சாவகாசமாகத் திறந்து, தேடி, தின்று, டப்பாவைக் கீழ்வீட்டுக் கொடித்துணி மேல் போட்டுவிட்டுப் போனது. பசியோடு பிரபுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“தயிர் சாதத்தை விட்டுட்டு உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிச்சு பாருங்க, அதை டைம் போட்டு எழுதிட்டீங்களாக்கா?”

மிக்ஸி

பிறகு நர்சிங் துறை. பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அங்கே ஸ்ட்ராட்டஜி. பெருங்களத்தூரில் வசந்தா என்ற அம்மா. கணவர் உள் அறையில் கட்டிலில் இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரைதான்.

“மனம் தளரும்போது என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு, பிரார்த்தனை, பிறரிடம் பேசுதல், அழுதல், வேறு வேலையில் ஈடுபடுதல் என்று நான்கு பதில்கள். ஒன்றுக்கு மட்டும் டிக் போட வேண்டும். “ரெண்டும் சேர்த்துப் பண்ணா எதுக்குப் போடுவீங்க?” என்று கேட்டார். எந்த இரண்டு என்றேன். என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போய், மெதுவாகச் சொன்னார். “அழுறதும் வேலையும். அவருக்குப் பேச்சுதான் போச்சு. காது நல்லாக் கேக்கும். நான் மூக்கை உறிஞ்சினாக்கூட உள்ள இருந்து கட்டிலைத் தட்டுவாரு. அவருக்குத் தாங்காது. அதனால மிக்ஸியைப் போட்டுட்டுதான் அழுவேன்.”

பேனாவை மூடுவதும் திறப்பதுமாக நின்றேன். என் சங்கடத்தைப் பார்த்து அவர்தான் சிரித்துக்கொண்டே என்னைத் தேற்றினார்.

“அதனாலதான் மேடம், எங்க வீட்ல மூணு வேளையும் சட்னி.”

மூன்றாவது பட்டன்

பொருளாதாரத் துறையில் விளையாட வைத்தார்கள். காட்டாங்குளத்தூரில் இரண்டு தனி அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், அதில் ‘விட்டுக்கொடு’, ‘பறி’ என்று இரண்டு பட்டன்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தால் ஆளுக்கொரு பிரியாணி கூப்பன். ஒருவர் விட்டுக்கொடுத்து மற்றவர் பறித்தால், பறித்தவருக்கே இரண்டு பிரியாணியும். இரண்டு பேருமே பறித்தால் ஆளுக்கொரு டீ. எதிராளி எதைச் செய்தாலும் நான் என்ன செய்வேன் என்று முழுசாக வகுத்து வைத்திருப்பதுதான் இந்தத் துறையில் ஸ்ட்ராட்டஜி என்று ஆராய்ச்சி மாணவி ரம்யா விளக்கினார்.

விளையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊரப்பாக்கத்து அப்பார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு பிளாக்கிலிருந்து இரண்டு பெரியவர்களைப் பிடித்தேன். “அவரைத் தெரியுமா சார்?” என்று தனித்தனியாகக் கேட்டதற்கு இருவருமே “தெரியாது” என்றார்கள். வேனில் ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் கடைசி சீட்டிலும் போய் உட்கார்ந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருவர் அசோசியேஷனின் இப்போதைய செக்ரட்டரி, மற்றவர் முன்னாள். தண்ணி லாரி விஷயத்தில் முறைத்துக்கொண்டவர்கள்.

காலை முழுக்க இருவரும் ‘பறி’யைத் தவிர வேறு பட்டனைத் தொடவே இல்லை. டீ கூப்பன்கள் குவிந்தன. தியரி சொன்னபடியே நடக்கிறது என்று ரம்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. இடைவேளையில் முன்னாள் செக்ரட்டரி அறையை விட்டு வந்தார். விதிமுறையில் சந்தேகம் என்றார்.

“எனக்கு பிரியாணியும் வேணாம், டீயும் வேணாம் மேடம். அவருக்கும் ஒண்ணும் கெடைக்காத மாதிரி ஒரு பட்டன் வெச்சுத் தர முடியுமா?”

புடவை போவுதா?

சுற்றுச்சூழல் துறைக்காகக் கோவளம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனேன். கடல் உள்ளே வந்து, மீன் குறைந்தால் குடும்பங்கள் என்ன மாற்று வழி வைத்திருக்கின்றன என்று கேட்க வேண்டும். அந்த மாற்று வழிதான் இந்தத் துறையில் ஸ்ட்ராட்டஜி. அஞ்சலை என்ற மீன் விற்கிற அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னார். பாதியில் பொறுமை போய்விட்டது.

“இன்னும் எவ்ளோ கேள்வி கீது? மீனு வரலன்னா இன்னா பண்ணுவேன்னு கேட்டுகினே கீறியே, உனுக்கு இந்த வேலை பர்மனென்டா?”

“இல்லக்கா. ப்ராஜக்ட் இருந்தா வேலை.”

“இல்லாங்காட்டி?”

“டியூஷன் எடுப்பேன். புடவை வாங்கி வீட்ல வெச்சு விப்பேன்.”

“புடவை போவுதா?”

“சுமாராப் போகும்.”

“வூட்டுக்காரரு?”

“அவருக்கும் கான்ட்ராக்ட் வேலைதான்க்கா.”

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. படிவத்தில் ‘நிச்சயமற்ற வருமானம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை இத்தனை நாளும் மற்றவர்களுக்காக மட்டுமே நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த ப்ராஜக்ட்டும் அந்த மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. அஞ்சலை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கை நெத்திலியை அள்ளி ப்ளாஸ்டிக் பையில் போட்டு என் மடியில் வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், பக்கத்து வீட்டு வாசலில் இருந்த ராணியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏ ராணி, இந்தம்மா பேரையும் அந்த பாரத்துல எழுதிக்கச் சொல்லு. நம்பளவிட பேஜாரா கீது இது பொழப்பு.”

பாலம்

இந்தச் சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் ராணுவத்தார்தான், மற்ற துறைகள் எல்லாம் இரவல் வாங்கியவை என்று வரலாற்றுத் துறைப் பேராசிரியர் சொன்னார். முன்னாள் ராணுவத்தினரிடம் போர்க்கால நினைவுகளைப் பதிவு செய்ய என்னை அனுப்பினார். மாடம்பாக்கத்தில் சாமுவேல் சார் வீட்டுக்குப் போனேன். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சட்டையை மாற்றி, தலை சீவி, தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஒரு போர்ச் சமயத்தில் இவர்களுடைய லாரி வரிசையை ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். எந்த நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும், எஞ்சின் ஆறக் கூடாது என்று உத்தரவு. பனி கொட்டியது. நாள் கணக்கில் நின்றார்கள். பக்கத்து லாரி டிரைவர், இவருக்கு நெருங்கிய சிநேகிதர், குளிரில் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்துபோனார். ஒரு காலையில் திரும்பிப் போகச் சொன்னார்கள். பாலத்தைக் கடக்கவே இல்லை. “எங்களை ஏன் அங்க நிக்க வெச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா. உங்க புரொஃபசர் படிச்சவர். அவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”

கேட்டேன். அது மிகவும் கீழ்மட்ட விஷயம், தன் ஆய்வு தேச அளவிலான ஸ்ட்ராட்டஜி பற்றியது என்றார் பேராசிரியர். ஆனாலும் நல்ல மனிதர். அலமாரியிலிருந்து தடித்த புத்தகங்களை இறக்கி, ஒரு மதியம் முழுக்கத் தேடினார். அந்தப் பாலம் எதிலும் இல்லை.

பேட்டி முடிந்துவிட்டது, நான் திரும்பப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். சாமுவேல் சாரும் அவர் மனைவியும் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். “தேடிப் பார்த்தாங்க சார். அதைப் பத்தி யாரும் எழுதி வைக்கலையாம்” என்றேன். அவர் தலையாட்டினார். மனைவியைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். குடித்துவிட்டு நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்.

“ஆனா ஏதோ காரணம் இருந்திருக்கும், இல்லம்மா? சும்மா நிக்க வெச்சிருக்க மாட்டாங்கல்ல?”

இத்தனை துறைக்காகவும் அந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, அது எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்தால் எல்லோரும் அடுத்த வீட்டைத்தான் கைகாட்டுகிறார்கள் என்பதே.