விளக்கெண்ணெய் குடித்த வண்டி

என் அக்காள் ஜோசஃபினைக் கட்டிய யூஜின் மாமாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாகச் செத்த கார்கள் இருந்தன. வாரமெல்லாம் கண்டோன்மென்ட் கராஜ் ஒன்றில் அடுத்தவர்களின் ஓடும் வண்டிகளைப் பழுதுபார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓடாத வண்டிகளைத் தேடிக் கிளம்பிவிடுவார். இப்படிப்பட்டவருக்கு அக்காளைக் கட்டிக்கொடுத்த எங்கள் அப்பாவை நான் மனதுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

பெங்களூரில் முதன்முதலாக மோட்டார் வாங்கியவர்களில் பாதிப்பேர் சீமைக்குத் திரும்பிப் போனார்கள். மீதிப்பேர் புது வண்டி வாங்கிக்கொண்டார்கள். பழைய வண்டிகள் எங்கே போயின என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றியது. அவர் போய்க் கேட்டது பால்காரர்களிடம். எல்லார் வீட்டுக் கொல்லைக்கும் போய்வருகிறவர்கள் அவர்கள்தானே. ஆஸ்டின் டவுனில் ஒரு வண்டி புறாக்கூண்டாக இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். ஆனால் முன்பின் தெரியாத வீட்டுக் கொல்லைக்குள் ஆண்பிள்ளை தனியாகப் போய் நிற்க முடியுமா? அதற்குத்தான் நான். கூட கான்வென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தால் எந்த வீட்டுப் பெண்மணியும் கதவைத் திறப்பாள்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்துக்குள் மர்பி டவுனில் எங்கள் கொல்லையில் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டன. மூன்றுக்கும் இஞ்சினுக்குள் துரு ஏறி இறுகிப்போயிருந்தது. ஒன்றுகூட ஒரு அடி நகர்ந்ததில்லை. அக்காள் அவற்றின் மேல் மிளகாய் காயவைப்பாள். தெருவில் எங்கள் வீட்டுக்குக் கார் கல்லறை என்று பெயர். அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று எந்தப் போக்கிரியோ மூன்று வண்டிகளின் முன்னாலும் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். தெருவே சிரித்தது. மாமா மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு பால்காரர் வந்து சேதி சொன்னார். அல்சூரில் ஏரிக்குப் பக்கத்து வீடு ஒன்றில் ஆயுத பூஜைக்கு ஒரு அம்மாள் தனியாக மாட்டுக் கொட்டகைக்குள் போய்ப் பூஜை செய்கிறாராம். "அங்க மாடும் இல்ல, குதிரையும் இல்ல. பித்தளை மூக்கு வெச்ச என்னமோ ஒண்ணு நிக்குது" என்றார். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

வீடு காலஞ்சென்ற கஸ்தூரிரங்கனுடையது. மைசூர் சமஸ்தானத்தில் இஞ்சினீயராக இருந்தவர். இப்போது அங்கே இருந்தவர்கள் அவர் மனைவி கோமளம் அம்மாளும், ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த மகன் ஆராவமுதனும். கொட்டகைக்குள் கண் பழகியதும் மாமா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். எதிரே குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு, வாடிய சாமந்தி மாலையோடு ஒரு முழு வண்டி நின்றது. நாலு சக்கரம், பித்தளை விளக்குகள், தோல் மெத்தை எல்லாம் இருந்தன. எந்தக் கம்பெனி வண்டி என்று பார்க்க மாமா குனிந்தார். பெயர்த் தகட்டில் எழுத்தே இல்லை. அம்மாள் வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்தெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது.

ஆராவமுதன் மரியாதையானவர்தான். ஆனால் பிடிகொடுக்கவில்லை.

"கொட்டகையைப் பட்டாளம் எடுத்துக்கறது சார். சனிக்கிழமை காத்தால காலி பண்ணியாகணும். வண்டியைக் காயலான் கடைக்குச் சொல்லியாச்சு."

"நான் எடுத்துக்கறேன் சார். தள்ளிட்டே போயிடறேன்."

"உங்க வீட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். அங்க ஏற்கெனவே மூணு கிடக்காமே. எங்கப்பா வண்டி நாலாவதா மிளகா காய வேண்டாம். இரும்பா உருகினா யுத்தத்துக்காவது ஆகும்."

மாமாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "தானா ஓடி வெளியில வந்தா குடுப்பீங்களா?" என்று கேட்டேன். ஆராவமுதன் சிரித்தார். "ஓடி வந்தா தாராளமா எடுத்துண்டு போங்கோ. வரலேன்னா சனிக்கிழமை உடைக்கக் குடுத்துடுவேன்." அன்றைக்குத் திங்கட்கிழமை.

மாமா கராஜில் லீவு சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் தினமும் அல்சூருக்கு ஓடினேன். முதல் வேலையாக மாமா இஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை முன்னால் செருகித் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. ஏறி மிதித்துப் பார்த்தார். ம்ஹூம். எங்கள் வீட்டு மூன்றும் இப்படித்தான் ஆரம்பித்தன. "துருதான் பவுலின். இதுவும் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இஞ்சின் தலையில் நாலு சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டிக் குழாய்த் திருகு. குளிர்காலத்தில் அவற்றில் சொட்டு பெட்ரோல் விட்டுத் திறந்தால் அது நேரே இஞ்சினுக்குள் இறங்கி, வண்டி சீக்கிரம் கிளம்புமாம். மாமா எழுந்து அவற்றில் ஒன்றின் வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். கம்பியோடு தேன்பாகு மாதிரி கறுப்பாக ஏதோ வந்தது. முகர்ந்தார். பிறகு, கர்த்தர் மன்னிக்கட்டும், நாக்கில் வைத்தார்.

"விளக்கெண்ணெய்" என்றார்.

கொட்டகை வாசலில் நின்றிருந்த கோமளம் அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் விட்டேன். தப்பா?" என்றார். "அவர் இருந்தவரைக்கும் கார்த்தால அந்தக் கிண்ணத்துல ஏதோ விட்டுத் திருகுவார். அப்பறம்தான் வண்டி கிளம்பும். நான் ஜன்னல் வழியா பார்த்துண்டிருப்பேன். வண்டிக்கு விளக்கு ஏத்தறார்னு நெனச்சுண்டேன். அவர் போனப்பறம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூஜை உத்தரணியால நாலுக்கும் ஒரொரு கரண்டி எண்ணெய் விட்டுத் திருகிடுவேன். வருஷம் தப்பினதில்ல."

மாமா அந்த அம்மாளையும் இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமாகிவிட்டது. "துரு இல்ல பவுலின். எண்ணெய் பிசினாகிப் போய்ப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். உள்ள எல்லாம் புதுசு மாதிரி இருக்கும். துரு தொடவே இல்ல" என்றார்.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய் வேண்டும். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? வீட்டு ரேஷன் மொத்தத்தையும் கேட்டால் அக்காள் ஆடித் தீர்த்துவிடுவாள் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டே கேட்டோம். அவள் மாமாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போய் போத்தலோடு வந்தாள். "இது ஓடலேன்னா மூணையும் நானே காயலான் கடைக்குத் தள்ளிட்டுப் போவேன்" என்றாள். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் அந்த வாரம் முழுக்க இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.

நாலு கிண்ணத்திலும் மண்ணெண்ணெய் விட்டு, வெந்நீரில் நனைத்த சாக்குகளை இஞ்சின் மேல் போர்த்தி, ஆறஆற மாற்றினோம். வெந்நீர் கோமளம் அம்மாள் உபயம். புதன்கிழமை கைப்பிடி ஒரு விரற்கடை அசைந்தது. வியாழக்கிழமை முழுச் சுற்றுச் சுற்றியது. நான் டீச்சர் என்பதை மறந்து கை தட்டினேன். நெருப்புப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோவை மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, நீலப் பொறி வரவழைத்தார். டயர்கள் உளுத்துப்போயிருந்தன. புது ரப்பர் கனவிலும் கிடைக்காது. சக்கரங்களின் மேல் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றினோம். கராஜ் முதலாளி தன் பங்கிலிருந்து ஒரு டின் பெட்ரோல் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது காயலான் கடை மாட்டுவண்டி வாசலிலேயே நின்றது. அதில் சம்மட்டிகள் கிடந்தன. அக்காளும் வந்திருந்தாள். கையில் ஜெபமாலை.

மாமா கைப்பிடியைச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். ஒரு தும்மல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆராவமுதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாட்டுவண்டிக்காரர், "ஆகல்ல பிடு சாமி" என்று, ஆகாது விடுங்கள் என்ற பொருளில், கன்னடத்தில் அனுதாபப்பட்டார். அப்போது கோமளம் அம்மாள் வந்து, "கிண்ணத்துல விட்டேளோ?" என்று கேட்டார்.

விடவில்லை. அவசரத்தில் மாமா மறந்தே போயிருந்தார். பெட்ரோல் டின்னை அம்மாளிடம் நீட்டினார். அம்மாள் வழக்கமான உத்தரணியாலேயே நாலு கிண்ணத்திலும் விட்டுத் திருகினார்.

அடுத்த சுற்றில் வண்டி வெடித்தது என்றுதான் நினைத்தேன். டமார் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று, பிறகு சத்தங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடத் தொடங்கின. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, அணைந்த குத்துவிளக்கின் வாசனை. மாடுகள் மிரண்டு வண்டியோடு தெருமுனை வரை ஓடின. அக்காள் அழுதாள். நானும்தான். மாமா தாவி ஏறினார். நார்க் கயிற்றுச் சக்கரங்கள் புழுதியைக் கிளப்ப, வண்டி தானாக உருண்டு வெயிலுக்கு வந்தது.

கோமளம் அம்மாள் அதன் பக்கத்தில் வந்து நின்றார். "அவர் சிநேகிதாளையெல்லாம் ஏத்திண்டு போவார். நான் ஒரு நாளும் ஏறினதில்ல" என்றார். மாமா முன் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம். ஏரிக்கரையில் துணி துவைத்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் ஆராவமுதன் கை கூப்பினார். "சொன்னது சொன்னதுதான். வண்டி உங்களோடது" என்றார். மாமா இஞ்சினை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவர் எதை யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சும்மா இரும், வாயைத் திறக்காதேயும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் தேடறது செத்த வண்டிங்க சார். இது சாகவே இல்ல. அம்மா சாக விடல. எங்க கொல்லையில நிக்கட்டும், ஆனா வண்டி அம்மாவோடது" என்றார்.

"வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்று அம்மாள் கேட்டார். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஓட்டக் கத்துக் குடுப்பேளா?"

மகன் திகைத்து நின்றார். மாமா இறங்கி, முன்னால் சுற்றி வந்து, அம்மாளின் இடத்தில் உட்கார்ந்தார். அம்மாள் மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் நகர்ந்தார். ஓடும் வண்டி ஒன்று மாமாவுக்கு வாழ்நாளிலேயே அந்த ஒரு காலைக்குத்தான் சொந்தமாக இருந்தது. அதை மறுபடி அவர் ஓட்டவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அம்மாள் ஓட்ட, பக்கத்து இருக்கையில் கதவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாம்மா, மெதுவா" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டே போனார். அம்மாள் மெதுவாகப் போகவில்லை.