ஒரே பெயர்க்காரர்கள்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருவில் நின்று அதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெருமாளின் பெயர், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே இரண்டு பேர் இருந்தோம். நான் கணக்கு, அவர் தமிழ். பையன்கள் பாடத்தைச் சேர்த்துச் சொல்லித்தான் எங்களைப் பிரித்தார்கள்.

போன மார்கழியில் இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். சரித்திரத்தில் இதே பெயரோடு வாழ்ந்த பெரியவர்களைப் பற்றிப் பேச்சு, பிறகு சாப்பாடு. வாட்ஸப்பில் அழைப்பைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சலாக வந்தது. எவனோ நாடு ஆண்டதற்கு நாம் ஏன் மீசையை முறுக்க வேண்டும்?

ஆனால் தமிழய்யாவுக்கு ஆசை. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரனுக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மகளோ, "ரொம்பப் பழைய பேருப்பா" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பேர்ல எப்பேர்ப்பட்ட ஆளுங்க இருந்திருக்காங்கன்னு கேட்டா மனசு மாறிடும் சார். நான் பேசுறதைப் போன்ல எடுத்துக் குடுங்க" என்றார்.

மேடையில் ஆளாளுக்கு அறுத்தார்கள். ஒருவர், இந்தப் பெயர் கொண்ட குறுநில மன்னன் தன் வம்சம் என்றார். இன்னொருவர், ஒரு நீதிபதி தன் சித்தப்பாவுக்குச் சம்பந்தி என்பதையே அரை மணி நேரம் இழுத்தார். இதே பெயரில் ஊரை ஏமாற்றிச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு மட்டும் அங்கே சொந்தக்காரர் யாருமில்லை.

தமிழய்யா பேசியபோதுதான் மண்டபம் அடங்கியது. பாசுரங்களைச் சொல்லி, மன்னர்களை விட்டுவிட்டு, ஓடம் ஓட்டியவர், உரை எழுதியவர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர் என்று ஒவ்வொருவராகக் கண்முன் நிறுத்தினார். நெற்றி நிறையத் திருமண் இட்டிருந்த விழாத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "அடியேன்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் தமிழய்யாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எங்கள் வைணவ வீடுகளில் ஒருவரை ஒருவர் இப்படிச் சேவிப்பது வழக்கம்தான். அதுவரை படம் பிடித்துக்கொண்டிருந்த போனை அணைத்தேன். எழுந்தவர், "ஸ்வாமிக்கு எந்தத் திருமாளிகை?" என்று ஊரையும் குலத்தையும் விசாரித்தார்.

"மருங்காபுரி பக்கங்க. ஊருக்கு வெளியில காலனி."

தலைவரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "பேஷ், பேஷ்" என்றபடி இறங்கிப் போனார்.

சாப்பிடுவதற்கு முன் கை கழுவ நாங்கள் இருவரும் மண்டபத்தின் பின்பக்கம் போனோம். குழாயடியில் தலைவர் கட்டிய வேட்டியோடு, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிர். எங்களைப் பார்த்ததும், "ஒரே புழுக்கமா இருந்தது, அதான்" என்றார்.

திருமண் கரைந்து அவர் மூக்கில் வழிந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் அதே நாமம் போடுகிற வீட்டில் பிறந்தவன், அதே பெயர். அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

"குளிச்சது போதுமா ஓய், பூணலையும் மாத்திக்கணுமா?" என்று கத்தினேன். அவர் காது கேட்காதவர் போலத் துண்டைப் பிழிந்தார். பந்தி வேலையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இலை போடப் போய்விட்டார்கள்.

தமிழய்யா என் கையைப் பிடித்தார். "வாங்க சார், பஸ்ஸைப் பிடிக்கலாம்."

சாப்பிடாமலே கிளம்பினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கிக் கொடுத்த டீயை அவர் பாதியில் வைத்துவிட்டார். அவரைக் கேட்காமல், போனில் எடுத்திருந்த அந்தப் பேச்சை நானே அவர் மகளுக்கு அனுப்பினேன்.

பெயர் வைக்கிற அன்று எடமலைப்பட்டி புதூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள்.

"அப்பா பேரையே வைக்கலாம்னு நானே சொல்லிட்டேன் சார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்பா கால்ல விழுறதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்ப என்னடான்னா, அப்பாதான் வேணாங்கறாரு."

குழாயடியில் நடந்ததை அவர் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தமிழய்யா பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "ஏன் சார்?" என்றேன்.

மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "வேணாம் சார். இவனைக் கும்பிட்டுட்டு யாரும் போய்க் குளிக்க வேணாம்."