உட்காராத நாடின்

நாடின் க்ரவுடருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று அவள் அண்ணன் ராய்ஸ் சொல்வான். சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், எழுந்துபோய் யாரும் கேட்காத காப்பியைப் போட ஆரம்பித்துவிடுவாள். விருந்துக்குப் போன வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன்பே தட்டுக் கழுவ நிற்பாள். எங்கள் ஊர் கோல்டர்ஸ் ஃபெரியில் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு. அவள் உட்கார்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதான். அதிலும் சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும்.

சனிக்கிழமைகளில் அவளைப் பார்க்க வேண்டும். கல்லூரி மைதானத்தில் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், தொடங்கியதும் ஊரே வரிசை வரிசையாக உட்கார்ந்துவிடும். நாடின் மட்டும் இருக்கைகளுக்குப் பின்புறம், கழிப்பறைகளையும் அவித்த கடலை விற்கும் வண்டியையும் தாண்டி, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். உள்ளே எழும் கத்தலை வைத்தே யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கையில் டிக்கெட் மடித்து வைத்திருப்பாள். அதில் போட்டிருக்கும் இடத்தை அவள் ஒருநாளும் தேடிப் போனதில்லை.

அந்தக் கல்லூரி அணியில் அவள் மகன் கோல்பி ஆடினான். அவன் வேலை விசித்திரமானது. அணி முன்னேற முடியாமல் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ள வேண்டி வரும்போது மட்டும் உள்ளே போவான். குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவான். பதினைந்து கஜம் தள்ளி நிற்பவன் அதைப் பிடித்து உதைப்பான். அவ்வளவுதான். ஒழுங்காக எறிந்தால் யாரும் கை தட்டமாட்டார்கள். எறிந்தவன் என்று ஒருவன் இருந்ததே யாருக்கும் தெரியாது. தப்பாக எறிந்தால் அன்றைக்குத்தான் ஊருக்கு அவன் பெயர் தெரியும்.

பள்ளியில் படித்தபோது ஒருமுறை அப்படித் தெரிந்துவிட்டது. நாடின் அன்று முன்வரிசையில் இருந்தாள். பந்து உதைப்பவன் தலைக்கு மேலே போயிற்று. ஆட்டமும் போயிற்று. தன் கண்தான் பட்டுவிட்டது என்று அவள் தீர்மானித்தாள். அதற்கப்புறம் அவன் ஆடி அவள் பார்க்கவே இல்லை. அவனும் அதற்கப்புறம் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் அவளுக்கு?

இப்படி இருக்கையில்தான் எங்கள் கல்லூரிக்கு மேலே போகிற ஆசை வந்தது. பெரிய கல்லூரிகள் ஆடும் முதல் பிரிவுக்குப் போகப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பு நாங்கள் ஆடிய இரண்டாம் பிரிவில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. நவம்பர் முடிவில் தோற்றவன் வெளியே, ஜெயித்தவன் உள்ளே என்று வாரக்கணக்கில் ஆட்டம் நடக்கும். இரண்டு முறை கோப்பையே வாங்கியிருக்கிறோம். சிங்கத்துக்கு வாலாக இருப்பதைவிட எலிக்குத் தலையாக இருப்பது மேல் என்று சொன்ன கிழவர்களை யாரும் மதிக்கவில்லை. மைதானத்தின் வடக்குப் பக்கத்தை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். டிவிக்காரனுக்குப் புதன்கிழமை ஆட்டம்தான் வேண்டுமாம், சரி என்றார்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டம் வியாழனுக்குப் போயிற்று. கடவுளையே ஒரு நாள் தள்ளி உட்காரச் சொன்ன ஊர் எங்கள் ஊர்.

அப்போது கோல்பிக்குக் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் பாக்கி. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டார். அவர்கள் பழைய பிரிவிலேயே இருக்கிறார்கள், டிசம்பரிலும் ஆடுவார்கள். எங்கள் கல்லூரிக்கோ மேலே போன முதல் இரண்டு வருஷம் தண்டனைக் காலம் மாதிரி. எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் டிசம்பரில் நடக்கும் கௌரவ ஆட்டங்களுக்குக் கூப்பிடமாட்டார்கள். முதல் வருஷம் ஜெயிக்கவா போகிறோம் என்ற நினைப்பில் ஊரில் யாரும் அந்த விதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோல்பி போட்டுக்கொண்டான். அம்மாவிடம் வந்து சொன்னான்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஊரே மேல போகுது, நீ மட்டும் கீழ போறேங்கிறியா?" என்றாள்.

அவன் அக்கரைக்குப் போகவில்லை. இருந்துவிட்டான்.

அந்த வருஷம் நாங்கள் எட்டு ஆட்டம் ஜெயித்தோம். சிரிப்பதா அழுவதா என்று ஊருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் நாடினின் நடை வேகமானது. தான் சொன்ன ஒரு வார்த்தையால் பிள்ளையின் கடைசி வருஷம் நவம்பரோடு முடியப்போகிறது என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவனிடம் நேரே கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்குப் பிடித்த பீக்கன் பை என்ற கொட்டைப் பலகாரத்தைச் சுட்டுச் சுட்டு வைத்தாள். கடைசியில் அவனுக்கே அதைப் பார்த்தால் பயம் வந்துவிட்டது.

ஒரே ஒரு சந்து திறந்திருந்தது. ஆறு ஆட்டமாவது ஜெயித்த அணிகளைத்தான் டிசம்பருக்குக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட அணிகள் போதாமல் போனால், தண்டனையில் இருக்கும் எங்களைக் கூப்பிடலாம். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு மறுநாளே, வெள்ளிக்கிழமை, எங்கள் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் சனிக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு இடம் காலியாகலாம். மேற்கே பனிமலையில் சில்வர் பாஸ் என்றொரு கல்லூரி. அவர்கள் ஐந்து ஜெயித்திருந்தார்கள். அன்று அவர்கள் தோற்க வேண்டும். தோற்றால் எங்களுக்கு ஒரு ஆட்டம் கிடைக்கும், கோல்பிக்கு இன்னொரு சனிக்கிழமை கிடைக்கும்.

ஊர் முழுக்க ராய்ஸின் பார்பிக்யூ கடையில் கூடிவிட்டது. விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியை ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். சில்வர் பாஸை எதிர்த்து ஆடிய அணியின் ஆரஞ்சு நிறத்தைச் சிலர் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த அணியின் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் விழித்திருப்பார்கள். அடுத்தவன் தோல்விக்கு ஜெபிக்கலாமா என்று பாஸ்டரைக் கேட்டதற்கு, அவர் தோளைக் குலுக்கிவிட்டு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டாராம்.

நாடின் உட்காருவாளா? அடுப்படிக்கும் பின்புறம் கறி வாட்டும் புகைக்கிடங்குக்கும் நடந்துகொண்டிருந்தாள். நடக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, அவர்கள் தோற்கட்டும், இந்த ஒரு ஆட்டம் தோற்கட்டும். எப்படித் தோற்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூடப் பாக்கி இல்லாதபோது சில்வர் பாஸ் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. பந்தும் அவர்களிடம்தான். உதைத்துத் தள்ளிவிட்டால் முடிந்தது கதை. கடை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் நாடின் கையில் தட்டோடு வாசல் வரை வந்தாள். ராய்ஸ் ரிமோட்டை எடுத்துவிட்டான்.

மூலையில் இருந்த கோல்பி எழுந்து நின்றான். "அணைக்காதீங்க மாமா. இன்னும் பந்து பின்னால போகல."

நாடின் திரும்பிப் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. திரையில் ஒரு பையன் குனிந்தான், முதுகில் பனி. பந்து அவன் கையை விட்டுக் கிளம்பியது. உதைப்பவன் எம்பினான், எட்டவில்லை. பந்து அவன் தலைக்கு மேலே பறந்து, கோட்டுக்கு அப்பால் போய் விழுந்து உருண்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் அதன்மேல் விழுந்தான். அதற்கு ஆறு புள்ளி; சில்வர் பாஸ் தோற்றுவிட்டது.

கடை இடிந்துவிடும் போலக் கத்தினார்கள். பாஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்றார். ராய்ஸ் யாரையோ தூக்கிச் சுற்றினான். இரண்டு பேர் மட்டும் கத்தவில்லை.

திரையில் அந்தப் பையன் இன்னும் பனியில் முழங்காலிட்டே இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பக்கத்தில் யாரும் போகவில்லை. டிவிக்காரன் விடாமல் அவனையே காட்டினான், கீழே பெயரையும் போட்டான்.

கோல்பி வந்து அம்மா கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தான். "கை விறைச்சிருக்கும்மா. அவ்வளவுதான். யாருக்கும் வரும்."

"நான் வேண்டிக்கிட்டேன்டா," என்றாள் அவள்.

"எல்லாரும்தான் வேண்டிக்கிட்டோம்."

"அவங்கம்மா பாத்துட்டிருந்திருப்பாளா?"

நாடின் அருகிலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அத்தனை கூத்துக்கும் நடுவில் ராய்ஸ் அதைக் கவனித்துவிட்டான். தங்கை உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு ஏதோ என்றுதான் அர்த்தம். ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு, அந்தப் பையனைத் திரையிலிருந்து எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பந்து போகிறபடிதான் போகும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இத்தனை வருஷமும் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவனைத் தனியாக விட்டிருக்கிறோம் என்பதும் விளங்கியது.

டிசம்பரில் லூசியானாவில் எங்களுக்கு ஆட்டம் கிடைத்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போயிற்று. போகிற வழியில் அந்தப் பனிமலைப் பையனுக்கு ஏதாவது எழுதினாயா என்று நாடின் மகனிடம் போனில் கேட்டாள். எழுதினேன், பதில் வரவில்லை என்றான். "நானா இருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேம்மா," என்றான்.

அன்று விடாத மழை. பழக்கம் விடுமா? ஆட்டம் தொடங்கியதும் நாடின் பின்புறம் நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்றுப் போனாள். இரண்டாவது சுற்றில், உள்ளே கூட்டம் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. எங்கள் அணி முன்னேற முடியாமல் மாட்டிக்கொண்டால் வருகிற சத்தம் அது. அடுத்து உதைக்க வேண்டும். அடுத்து கோல்பி.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் படிக்கட்டு வாசலில் நின்றிருந்தார். நாடின் நனைந்த டிக்கெட்டைப் பிரித்து அவரிடம் நீட்டினாள்.

"இந்த சீட் எங்க இருக்குன்னு காட்டுங்க சார்."

"ஆட்டம் ஆரம்பிச்சு எவ்ளோ நேரமாச்சு, இப்ப வர்றியேம்மா."

"ஆமா சார். ரொம்ப லேட்டாயிடுச்சு."

ராய்ஸுக்குப் பக்கத்தில் எப்போதும்போல ஒரு இடம் காலியாக இருந்தது. அவன் அவளைப் பார்த்துவிட்டு, இருக்கையில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான். அவள் ஈர இருக்கையில் உட்கார்ந்து, முன்னிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கீழே கோல்பி குனிந்தான். பந்தைத் துடைக்கும் துண்டும் நனைந்திருக்கும் என்று அவள் மனதில் ஓடியது. கண்ணை மூடவில்லை.

பந்து அவன் கால்களுக்கு நடுவே பின்னால் போயிற்று. நேராக, உதைப்பவன் கையில் போய் உட்கார்ந்தது. அவன் உதைத்தான். கூட்டம் பந்து பறந்த திசையில் தலையைத் திருப்பிக்கொண்டது. எறிந்தவனுக்கு யாரும் கை தட்டவில்லை.

நாடின் தட்டினாள்.