இன்னொரு பை

எண்டோஸ்கோப்பித் திரையில், பித்தநாளத்தின் வாயை ஒட்டிச் சிறுகுடல் சுவர் பையாகப் பிதுங்கியிருந்ததைப் பார்த்ததும், பயிற்சி டாக்டரான எனக்குச் சுருக்கென்றது. இதுதானா!

படுத்திருந்தவர் அன்னூர் விவசாயி. பித்தப்பையை எடுத்த பிறகும் நாளத்தில் மறுபடி கல். செல்போனைக் கண்ணாடியாக்கி, இமையை இழுத்து இழுத்து, கண்ணில் காமாலை மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்.

காலையில்தான் அவர் மனைவி, "திருட்டுத்தனமா கறி தின்னுபோட்டு வந்திருக்காருங்க" என்றார்.

"தொடவே இல்லீங்க! பையத்தான் எடுத்துப்போட்டீங்களே, அப்பறம் எந்தப் பைக்குள்ளீங்க கல்லு?" என்று அவர் கத்தினார்.

பெரிய டாக்டர் சிரித்தார். "வாயைக் கட்டுங்க, கல்லு வராது."

இந்தப் பை இருந்தால் கல் திரும்ப வரலாம் என்று, இப்போது திரையைக் காட்டிப் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"வயசானா பலருக்கும் இருக்கும், விடுப்பா."

பற்றிக்கொண்டு வந்தது. சரியாகக் கேட்டவரையா திருடனாக்கினோம்? நாளை ரவுண்ட்ஸில், பெரிய டாக்டர் முன்னாலேயே, அந்த அம்மாவிடம் இந்தப் பையின் படத்தைக் காட்டப்போகிறேன்.