மாமாவின் ஹீட்டர்

மழை பெய்தாலும் புழுங்குகிற எங்கள் ரவாங் ஊரில், ஹீட்டர் ஓடுகிற வண்டி மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. அம்மாவின் தம்பி அவர். கேமரன் மலையிலிருந்து விடிகாலையில் காய்கறி ஏற்றி வருவார். பழைய லேண்ட்ரோவரின் ஹீட்டர் மலைக்குளிருக்குப் பத்தவில்லை என்று, பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, குழாய்க்குச் சாக்குச் சுற்றி, காற்று நேராக முன்சீட்டில் அடிக்கும்படி செய்துவிட்டார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரவாங்ல உக்காந்துகிட்டு குளிர் காயிறானாம். பைத்தியம் லா!" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

மாதம் நிறையாமல் தம்பி பிறந்தது ஓர் அடைமழை மதியத்தில். எஸ்டேட் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது, ஆம்புலன்ஸ் வராது. பிறந்தபோது முனகியவன் பிறகு வாயே திறக்கவில்லை. "உடம்பு சில்லுன்னு ஆவுது. சூடு விடாம பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்றார் மருத்துவச்சி அக்கா. வெள்ளத்தில் இறங்கக்கூடிய வண்டி மாமாவுடையதுதான்.

அம்மா தம்பியை நெஞ்சோடு சேர்த்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் பின்னால். மாமா ஹீட்டரின் குமிழைத் திருப்பினார். குளிர்காற்று வந்தது.

"என்னாடா இது?" அப்பா கத்தினார்.

"எஞ்சின் சூடாவணும் மச்சான். கொஞ்சம் பொறுங்க," என்று மாமா அதை அணைத்தார்.

வண்டி முழங்கால் அளவுத் தண்ணீரில் ஊர்ந்தது. மாமாவின் பார்வை ரோட்டுக்கும் சூடு காட்டும் முள்ளுக்குமாக ஓடியது. எனக்குப் பயமாக இருந்தது. மெயின் ரோடு வந்ததும் மறுபடி திருப்பினார். இம்முறை அனலாக அடித்தது. மூச்சுமுட்டி நான் சன்னலைத் திறக்கப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. "பத்தல லா, இன்னும் கூட்டு," என்றார், ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அதே அப்பா.

வழியில் செலாயாங் டவுனைத் தாண்டியபோது தம்பி வீலென்று அழுதான். அவனுக்கும் புழுங்குகிறது என்றுதான் நினைத்தேன். மாமா வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "ஓட்டுடா தம்பி," என்றாள் அம்மா. அவள் குரலும் உடைந்திருந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர்கள் மூவரும் இப்படி அழுதால் வண்டி கெட்டுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? இறங்கித் தள்ளுவதற்காக நான் என் செருப்பைத் தேடினேன்.