வாசலில் நிற்பவனின் காலடித் தண்ணீர்

அம்மாவிடம் நான் சொன்ன பொய்கள் பல. பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பொய்கள்தான். கேட்காமலே மன்னிப்புக் கிடைத்துவிடுகிறவை. ஒரு பொய்யை மட்டும் இந்த வயதிலும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அது ஒரு படத்தைப் பற்றியது.

எனக்குப் பத்து வயதானபோது பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் அப்பாவுக்கு வேலை. அந்த நாட்களில் அங்கே இன்னொரு தமிழ்க் குடும்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காரில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஆங்கிலமும் வராது. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரப் பெண்மணி, எழுபது வயதைத் தாண்டியவர், தன் பேரனுடன் இருந்தார். அந்தப் பேரன் என் வகுப்புத்தான்.

எங்கள் முன்னறைச் சுவரில் அந்த வீட்டுக்காரப் பெண்மணிக்குச் சொந்தமான பெரிய வண்ணப்படம் ஒன்று மாட்டியிருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதி. அவருடைய தாத்தா இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். அந்தக் காலத்தில் இப்படிக் கதை சொல்லும் ஓவியங்களுக்கு அங்கே பெரிய மவுசு இருந்திருக்கிறது. கதையின் நடுவே ஒரே ஒரு நொடியை வரைந்து வைத்துவிடுவார்கள். முன்னால் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்பதைப் பார்க்கிறவர்களே மேசையிலும் தரையிலும் கிடக்கிற பொருள்களை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கண்காட்சியில் அவற்றின் முன்னால் கூட்டம் கூடி வாதம் செய்யுமாம். இதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மா ஒன்றும் படிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

படத்தில் ஒரு பெண் மேசையருகே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். தரையில் கிழிந்த கடிதம். வாசற்கதவைப் பிடித்தபடி ஒருவன் தொப்பியோடு நிற்பான். மேசைக்கடியில் ஒரு சிறுமி பொம்மையை இறுக்கிக்கொண்டு ஒளிந்திருப்பாள். அவன் போகிறானா, வருகிறானா என்பது தெரியாது. நானும் அப்பாவும் கேள்வியே இல்லாமல் போகிறான் என்று எடுத்துக்கொண்டோம். கடிதம் கிழிந்து கிடக்கிறதே.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அம்மா கையில் தரை துடைக்கிற துணியோடு என்னைக் கூப்பிட்டாள்.

"எய்யா, இங்க வாயேன். அவன் எங்கயும் போகலைல. உள்ள வாரான்."

"எப்படிம்மா?"

"காலடியில பாரு. தண்ணி. பூட்ஸுல ஒட்டுன பனி உருகித் தேங்கியிருக்கு. வெளிய போறவன் காலடியில தண்ணி எப்படில வரும்? நீயும் ஒங்கப்பாவும் பனியோட வந்து நிக்கிற எடத்த தெனமும் தொடைக்கவளுக்குத் தெரியாதா?"

குனிந்து பார்த்தேன். பலகைத் தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஈரவட்டம் இருந்தது. அம்மாவின் முகத்தில் அந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்திராத ஒரு வெளிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரப் பெண்மணியும் அவர் தங்கையும் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா கூப்பிட்டு ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. படத்தின் கதையை அவர்களிடம் தானே சொல்வது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். முறுக்குப் பிழிந்துகொண்டே ஒத்திகை பார்த்தாள். "மேன் கம்மிங். நாட் கோயிங். சீ, வாட்டர்."

ஆனால் அந்தப் பேரனும் வருவான். அம்மா என்னைக் கூப்பிடும் 'எய்யா'வை மாடியிலிருந்து கேட்டுக் கேட்டு, பள்ளியில் அதே ராகத்தில் என் பின்னால் கூவுகிறவன் அவன். அம்மாவின் "சீ, வாட்டர்" மறுநாள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா படத்தின் அடியிலிருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினாள். "இதுல என்னல எழுதியிருக்கு? நான் சொல்லப்போறது சரிதானான்னு பாத்துக்கிடுதேன்."

ஓவியத்தின் பெயர் அது. 'மாலை ஐந்தரை மணி' என்று ஆங்கிலத்தில் இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"'என்றைக்குமாகப் பிரிகிறான்'னு எழுதியிருக்கும்மா" என்றேன்.

 அம்மா சேலை முந்தானையால் அந்த ஈரவட்டத்தின் மேல் கண்ணாடியைத் துடைத்தாள், அழுக்காக இருக்குமோ என்று. அது போகவில்லை. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப எனக்குத்தான் தெரியல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் முறுக்கைப் பாராட்டினார்கள். அம்மா சிரித்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். காரியம் கைகூடிவிட்டது என்று நான் நினைத்தபோது தங்கை படத்தைக் காட்டிச் சிரித்தார். சிறுமிகளாக இருந்த நாளிலிருந்து அக்காவும் தானும் இதற்காகச் சண்டை போடுகிறார்களாம். அக்காவுக்கு அவன் வருகிறவன், தங்கைக்குப் போகிறவன். அறுபது வருடமாகத் தீரவில்லை. வீட்டுக்காரர் அம்மாவின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள்தானே அவனோடு இருந்தீர்கள், நீங்கள் சொல்லுங்கள், கம்மிங் ஆர் கோயிங்?

அந்த இரண்டு சொற்களையும் அம்மா அறிவாள். அவள் பார்வை அவன் காலடிக்குப் போனது. பிறகு என்னிடம் வந்தது. நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன்.

"கோயிங்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, சரியான விடையைச் சொல்லும் மாணவியைப் போல, பித்தளைத் தகட்டின் மேல் விரலை வைத்தாள்.

சகோதரிகள் தகட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரன் அதை உரக்க வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். சிரிப்பு நின்றது. "ஆமாம், கஷ்டமான படம்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கோப்பைக் காப்பி கேட்டார். அது அவருக்கு மூன்றாவது கோப்பை.

அவர்கள் போன பிறகு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பய எதுக்குல சிரிச்சான்?"

"முறுக்கு உறைக்குதாம்."

"சொல்லியிருந்தா சீனி தொட்டுக்கக் குடுத்திருப்பேனே" என்றாள்.

அதன் பிறகு அம்மா நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்த நாட்களில் அவளுக்குப் படம் மறந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் அவர்கள் வந்துபோன அந்த வாரமே ஒன்று நடந்தது. கடையில் அம்மா ஒரு தகர டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றாள். டப்பா முழுக்கப் பச்சைப் பட்டாணிப் படம் போட்டிருந்தது. "பட்டாணிம்மா" என்றேன். சரி என்று தலையசைத்துத் தள்ளுவண்டியில் வைத்தாள். அடுத்து, தக்காளிப் படம் போட்ட டப்பாவை நீட்டினாள். என்னைக் கேட்காமல் அம்மாவுக்கு இனி ஒன்றும் ஓடாது என்று அன்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.